இஸ்திரி போட்ட பவளம்

14.06.2024, வெள்ளிக்கிழமை, முற்பகல் 10.20 மணி
பதிவு எண் 63: பாலக்கோடு ஜுபைதா அம்மாள் மறைவு

ஜுபைதா அம்மாள் இன்று காலை 6.10க்குக் காலமானார். சற்று முன் அவருடைய மருமகன் போனில் சொன்னார்.

பாலக்கோட்டில் உல்லன் நூல் கடை வைத்திருந்தவர். அதற்கு முன் கணவரோடு பத்தொன்பது ஆண்டுகள் அந்தமானில் வாழ்ந்தவர்... இருபது என்று ஒருவர் காலையில் இரங்கல் குறிப்பில் எழுதியிருக்கிறார், பத்தொன்பதுதான்.

அந்தத் தீவில் பார்த்ததையெல்லாம் கொக்கி ஊசியால் குரோஷா பின்னலாக்கினார். நண்டு, தாழம்பழம், கடல் விசிறி, பவளம்.

கடையில் தொங்கிய சிவப்புக் கடல் சாமந்திப் பின்னலைப் பார்த்து, "இது எந்த ரகத் தக்காளிங்க?" என்றார் மார்க்கெட்டுக்கு வந்த விவசாயி. "உப்புத் தண்ணியில வெளையறதுங்க. உங்க மண்ணுக்கு வராது" என்றார் அம்மாள், பின்னுவதை நிறுத்தாமல்.

நான் அப்போது மாவட்டக் கைவினைக் கண்காட்சிக் குழுவின் செயலாளர். அவருடைய விண்ணப்பத்தைக் குழு இருமுறை திருப்பி அனுப்பியது. "நம்ம மாவட்டத்துல கடல் ஏதுங்க?" என்பதே காரணம்.

மூன்றாம் முறை வாதாடி இடம் வாங்கினேன். அந்த இடத்தை நானே கெடுக்கவும் பார்த்தேன்...

25.01.2019, வெள்ளிக்கிழமை, பிற்பகல் 3 மணி. மறுநாள் திறப்பு விழா.

அம்மாள் அனுப்பிய பெட்டியிலிருந்து எடுத்தவற்றில் பெரியது ஒன்று, இளஞ்சிவப்பு, ஓரமெல்லாம் சுருண்டு சுருண்டு நின்றது. மேசை விரிப்பு என்று எண்ணிக்கொண்டேன். விதி 7: விரிப்புகள் சுருக்கமின்றி இருத்தல் வேண்டும்.

உதவி செய்வதாக நினைத்து இஸ்திரிக்கு அனுப்பினேன்.

"அம்பது மடிப்பு இருந்துச்சுங்க. ஒண்ணு உடல" என்று பெருமையோடு திருப்பிக் கொடுத்தார் இஸ்திரிக்காரர். துவண்டு, நிறம் மங்கி, அப்பளம் போலக் கிடந்தது.

அது பவளம். ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு கண்ணி போட்டுப் போட்டு அந்தச் சுருளை அவர் வரவழைத்திருந்தார்.

அம்மாள் வந்தார். பார்த்தார்.

"யாரு வேலை இது?"

"என்னுடையதுதான். விதி ஏழின்படி..."

"நாலு மாசம் பின்னுனதுங்க, சார்."

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மூன்றாம் முறையும் போயிற்று என்றே நினைத்தேன்.

எழுந்தார். வண்ணப் பவளங்களையெல்லாம் திட்டாக அடுக்கினார். என் இஸ்திரிப் பவளத்தை இடது ஓரத்தில் படுக்கவைத்தார்.

"கடல் சூடேறுனா பவளம் இப்பிடித்தான் வெளுத்துப் போவும். கண்ணால பாத்துருக்கேன். அதை எப்பிடிப் பின்றதுன்னுதான் தெரியாம இருந்துச்சு."

பிறகு பெயர் அட்டையை என் பக்கம் நகர்த்தினார். "இந்த ஒண்ணு உங்க கைவேலை. பேரப் போடுங்க."

"செயலாளர் போட்டியில் கலந்துகொள்ள விதியில்லை, அம்மா."

"போட்டி போடச் சொல்லலீங்க. குத்தத்த ஒத்துக்கச் சொல்றேன்."

போட்டேன்.

மறுநாள் அந்த மேசையைச் சுற்றி நிற்க இடமில்லை. மாரண்டஹள்ளியிலிருந்து பஸ் பிடித்து வந்த பெண்கள் நகர மறுத்தார்கள். கடல் ஏது என்று கேட்ட குழு உறுப்பினர் மூன்று முறை வந்து பார்த்தார்.

முதல் பரிசு. நடுவர்கள் மூவரும் ஒருமனதாக.

மேடையில் அறிவிப்பாளர், "கடலே இல்லாத நமது மாவட்டத்திலிருந்து..." என்று தொடங்கினார். அம்மாள் மைக்கைக் கையில் வாங்கி, "இப்ப இருக்குதுங்க" என்றார்.

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. நானும்.

இன்று ஜும்ஆ தொழுகைக்குப் பின் பாலக்கோட்டில் நல்லடக்கம். வருவோர் 1 மணிக்குள் வந்துவிடவும்.

போய் வாருங்கள், அம்மா.

இணைத்திருப்பவை:
1. மேடையில் அம்மாள், கையில் மைக் (26.01.2019).
2. பவளத் திட்டு, முழுத் தோற்றம்.
3. பெயர் அட்டை. இரண்டாவது வரியில் இருப்பது என் பெயர்.