அப்பா சொல்லாத ஆமென்

எங்கள் வீட்டு ஏழு மணி ஜெபத்துக்கு ஒரு சட்டம் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொருவராக ஜெபிக்க வேண்டும். ஒருவர் முடித்ததும் மற்றவர்கள் ஆமென் சொல்ல வேண்டும். அப்பா ஆமென் சொல்லாத ஜெபம் பரலோகத்துக்குப் போய்ச் சேராது என்று நானாகவே முடிவுகட்டியிருந்தேன். அப்போது எனக்கு ஏழு வயது. லீவ் லெட்டரில் அப்பா கையெழுத்து இல்லாவிட்டால் டீச்சர் வாங்க மாட்டார்களே, அந்த மாதிரிதான்.

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் தென்காசியில் எங்கள் வீட்டுக்குள்ளேயே ஈரக்காற்று வந்து உட்கார்ந்துகொள்ளும். கண்ணை மூடினால் தகரக் கூரையில் விழும் சாரலும் அம்மாவின் குரலும் ஒன்றோடொன்று கலந்து, நான் பாயோடு எங்கேயோ மிதந்துபோவேன். அந்த மயக்கத்திலும் ஒன்று எனக்குப் பிடிபட்டது. "வடகரையில இருக்க உம்முடைய பிள்ளையையும் ஆசீர்வதியும் ஆண்டவரே" என்று அம்மா ஜெபிக்கிற நாளெல்லாம் அப்பா ஆமென் சொல்வதில்லை.

வடகரையில் இருந்தது அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. ஓர் இந்துப் பையனைக் காதலித்துக் கட்டிக்கொண்டவள். அவளைத் தோளில் தூக்கி வளர்த்த அப்பா, அன்றிலிருந்து அவள் பேரையே எடுப்பதில்லை. எதிரியையும் நேசிக்க வேண்டும் என்று எனக்கு மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்தவரும் அவரேதான். அந்தச் சமயம் அத்தை பிள்ளை உண்டாகியிருந்தாள். உடம்புக்கு முடியவில்லை என்று சேதி வந்து அம்மா கண்கலங்கினாள். எனக்குப் பயமாகிவிட்டது. அம்மாவின் ஜெபம் போய்ச் சேராவிட்டால் அத்தைக்கு என்ன ஆகும்?

ஒருநாள் தந்திரம் செய்தேன். என் முறை வந்ததும், "அப்பா வண்டிய ஆசீர்வதியும், எங்க ஸ்கூல ஆசீர்வதியும், அத்தைய ஆசீர்வதியும், பூனைய ஆசீர்வதியும்" என்று மூச்சுவிடாமல் ஒப்பித்து முடித்தேன். சாரல் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அப்பா தூங்கிவிட்டார் போல என்று நினைத்தேன். நெடுநேரம் கழித்து "ஆமென்" வந்தது.

"அப்பா ஏமாந்துட்டாங்க! அத்தைக்கும் சேத்து சொல்லிட்டாங்க!" என்று துள்ளினேன்.

"ஏட்டி, சும்மா இரி" என்று அம்மா என் வாயைப் பொத்தினாள். அப்பா வேதப்புத்தகத்தை மூடிவைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், அம்மாவை வீட்டில் இறக்கிவிட்டு, அப்பா என்னோடு வடகரைக்கு வண்டியை விட்டார். வழியெல்லாம் தென்னைகள் பாதி மேகத்துக்குள் நின்றன. யாரோ தாலாட்டுவது போலச் சாரல் கூடவே வந்தது. அத்தை வீட்டு வாசலில் நிறுத்தியவர் வண்டியைவிட்டு இறங்கவில்லை. அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். எவ்வளவு மெலிந்திருந்தாள்! அப்பாவைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"ஏட்டி, பிள்ள நனையுதுல்லா. உள்ள கூப்பிட மாட்டியா?" என்றார் அப்பா.

நான் தலையிலிருந்து முழங்கால்வரை மழைக்கோட்டுக்குள் இருந்தேன். பொய் சொல்லக் கூடாது என்றும் அவர்தானே சொல்லிக்கொடுத்திருந்தார்? "நான் நனையலப்பா, நீங்கதான் நனைஞ்சிருக்கீங்க" என்று திருத்தினேன்.

அத்தை ஓவென்று அழுதுவிட்டாள். அப்பா பொய் சொன்னதற்குத்தான் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, "அப்பாவ மன்னிச்சிருங்க அத்த" என்றேன். அதைக் கேட்டு அப்பாவும் ஏன் அழுதார் என்பது மட்டும் எனக்கு விளங்கவே இல்லை.