நீலத்துணி தைத்த போர்வை

பேணுதல் அறங்களுள் அடக்கமானது. அவையின் முன்வரிசையை அது நாடுவதில்லை. பொழுது புலர்ந்ததும் குதிரை லாயத்தின் பின்புறம் வந்து, காற்று போகும் திசை பார்த்து நின்று, ஒரு போர்வையை உதறுகிறது. முந்தைய நாளின் வைக்கோல் துரும்பும் செம்மண்ணும் பறக்கின்றன. பிறகு உட்புறத்தை வெளியே திருப்பி, மயிர் படிந்த பக்கத்தை உள்ளங்கையால் எதிர்த்துத் தடவி, சிக்கியிருக்கும் நெருஞ்சி முள்ளைக் கிள்ளி எறிகிறது. அந்தக் கைகளுக்கு உரியவர் கிளியம்மாள்.

"இந்த முள்ளு ஒண்ணு உள்ள மாட்டிக்கினு கீதுன்னு வெச்சுக்க, நாள் பூரா குத்தும். வாயிருந்தா குதிர சொல்லும். இல்லியே" என்பார், யாரும் கேளாமலே.

ஒரகடத்துச் சாலையிலிருந்து கிடங்குகளுக்கிடையே பிரிந்து செல்லும் மண்பாதையின் முடிவில் இருக்கிறது அந்தக் குதிரையேற்றப் பள்ளி. வார இறுதியில் தொழிற்சாலை அதிகாரிகளின் பிள்ளைகள் சவாரி பயில வருவார்கள். மற்ற நாள்களில் கம்பெனிப் பேருந்துகளின் ஒலிப்பானுக்குக் குதிரைகள் கனைத்து விடை சொல்லும். அங்கே போர்வை அறை கிளியம்மாளின் ஆட்சிக்கு உட்பட்டது.

வியர்வை கொட்டும் இந்தச் சீமையில் குதிரைக்குப் போர்வை எதற்கு என்று அவருடைய தெருப் பெண்களுக்கு ஓயாத கேலி. "உன் குதிரைக்கு ஏசி எப்பக்கா மாட்டப் போறாங்க?" என்பார்கள். "குளிச்சிட்டு ஈரத்தோட நீ ஃபேனாண்ட நிப்பியா? அத்தோட ஒடம்பும் ஒடம்புதான்டி" என்று சொல்லிவிட்டுக் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொள்வார். குளித்த ஈரம் வாங்கப் பருத்திப் போர்வை. ஈயும் உண்ணியும் அண்டாதிருக்க வலைப் போர்வை. ஐப்பசி அடைமழைக்கு நீர் புகாத போர்வை. மூவகையும் அவருக்குத் திருப்பரிவட்டங்களே. எந்தப் போர்வையையும் தாண்டி நடக்கமாட்டார். தவறிக் காலில் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

இங்கு வருமுன் அவர் இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கம்பெனியின் லைனில் நின்றவர். கைப்பேசியின் சிறு பாகங்களை இனம் பிரித்துப் பெட்டியில் இடுவது வேலை. ஒப்பந்தம் முடிந்து வீட்டுக்கு அனுப்பியபோது, "ஆர்டர் வந்தா கூப்புடுவோம்" என்றார்கள். அந்தச் சொல்லை நம்பி, வெளிர்நீலச் சீருடை மேலங்கியைத் தோய்த்துத் தேய்த்துப் பீரோவில் வைத்திருந்தார்.

போர்வை அறையை அவர் முதன்முதல் கண்டபோது அது பாதி வெறுமையாகவும் பாதி எலிக்கூடாகவும் இருந்தது. குதிரை பார்ப்பவர்கள் அவரவர் குதிரையின் போர்வையை அந்தந்தக் கொட்டடிக் கதவிலேயே சுருட்டிப் போட்டிருந்தார்கள். கிளியம்மாள் அனைத்தையும் திரட்டினார். துவைத்தார். லைனில் கற்ற வண்ணமே சிறியது, நடுத்தரம், பெரியது என அளவு பார்த்து அடுக்கினார். அடுக்கின் விளிம்பு நூல் பிடித்தாற்போல் நின்றது. குதிரைக் காவற்படையில் பணி முடித்துப் பள்ளியை நடத்திவரும் இராமச்சந்திரன், வந்தவர்களுக்கெல்லாம் அந்த அறையைத் திறந்து காட்டினார்.

பிழை அந்த அழகினுள் இருந்தது. லைனில் ஒரு பாகத்திற்கு மற்றொரு பாகம் ஈடு. இங்கே அளவு பொருந்திய போர்வை எதுவோ, அது எந்தக் குதிரையின் முதுகுக்கும் போயிற்று. கார்த்திகை ஈரத்தில் ரோசி என்னும் முதிய பெண்குதிரையின் தோளில் வட்டமாக மயிர் உதிர்ந்தது. அடுத்தடுத்து வேறு மூன்று குதிரைகளின் தோள்களிலும் அதே வட்டம். மருத்துவர் பார்த்தார். படர்தாமரை, போர்வை வழியாகப் பரவுகிறது என்றார்.

ரோசியை அவள் குதிரைப்பந்தயத்தில் ஓடிய நாள் முதலாகப் பார்த்துவருபவர் கோமதிநாயகம், சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். அவர் ஏசவில்லை. "நாங்க குப்பையா போட்டு வச்சிருந்தப்போ அததுக்கு அததுன்னு கெடந்துச்சு தாயி. நீ அடுக்கி வச்ச; நோயும் அடுக்கா வந்துட்டுல்லா" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு கிளியம்மாளுக்கு நெருஞ்சியாய்த் தைத்தது.

மற்ற மூன்றும் விரைவில் தேறின. ரோசிக்கு மட்டும் வட்டம் விலாவரை இறங்கிற்று. வேப்பமரத்தடியில் தனிக் கொட்டகை கட்டி, சுற்றிலும் கயிறு இழுத்துக் கட்டி அவளை ஒதுக்கினார்கள். இராமச்சந்திரன் தயங்கித்தான் சொன்னார்: "பொங்கலுக்குள்ள ஆறலேன்னா வேற எடத்துக்குத்தாம்மா அனுப்பணும். மத்த பசங்களையும் நான் பாக்கணுமில்ல?" குதிரைகளை அவர் பசங்கள் என்றே சொல்வார். வயதான குதிரைக்கு வேறிடம் என்றால் எது என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். கோமதிநாயகம் கடிவாளத்தை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார். அது முன்பே துடைத்த கடிவாளம்.

"என் கையால வந்துச்சு. என் கையாலதான் போவணும்" என்றார் கிளியம்மாள்.

அடுக்கைத் தாமே கலைத்தார். மருத்துவர் தந்த மருந்தைக் கலந்த கொதிநீர் அண்டாவில் எல்லாப் போர்வைகளையும் முக்கி எடுத்தார். வெயில் முகம் காட்டாத வாரத்தில் கொள்ளு வேகும் அடுப்பருகே கொடி கட்டி உலர்த்தினார். போர்வையில் கொள்ளு மணம் ஏறிவிட, ரோசி தன் போர்வையின் நுனியையே மென்றுவிட்டாள். "தின்னு, தின்னு. உனுக்கு நான் வேற தெச்சிக்கினே கெடக்கணும்" என்று அவள் மூக்கில் செல்லமாக ஒரு தட்டு.

பிறகு அறைச்சுவரில் குதிரைக்கொரு கொக்கி, கொக்கிக்கொரு நிறம். போர்வையின் மூலையிலும், உடல் தேய்க்கும் தூரிகையின் பிடியிலும், கொட்டடிக் கதவிலும் அதே நிறத்துணி. பீகாரிலிருந்து வந்த பணியாளுக்குத் தமிழெழுத்து தெரியாது, நிறம் தெரியும். பழம்புடவைகள் எல்லாம் வெட்டுண்டு தீர்ந்தபின் ரோசிக்கு நிறம் எஞ்சவில்லை. கிளியம்மாள் பீரோவைத் திறந்து நீல மேலங்கியை எடுத்தார்.

கணவர் கோதண்டராமன், கம்பெனிப் பேருந்து ஓட்டுபவர், சோற்றில் கை வைத்தவாறு பதறினார். "இன்னாடி, அத்தப் போயி வெட்டற? திரும்பக் கூப்ட்டாங்கன்னா?"

"கூப்ட்டா புதுசு குடுப்பாங்க. சோறு ஆறுது, துண்ணு."

கத்தரி ஓடிய ஓசை நின்றபின்னும் கிளியம்மாள் சிறிது நேரம் அந்த நீலத்துண்டை விரல்களுக்கிடையே வைத்திருந்தார். பின் ஊசியில் நூல் கோத்தார்.

அன்று முதல் அவருடைய நடைக்கே ஓர் ஒழுங்கு. எல்லாக் குதிரைக்கும் போர்வை சாத்திய பின்னரே வேப்பமரத்தடிக்குப் போவார். மருந்து தடவி, போர்வை மாற்றி, கையைத் தேய்த்துக் கழுவித் திரும்புவார். ரோசியின் போர்வை வேப்பங்கிளையில் வெயில் காய்ந்தது. அறைக்குள் அவளுடைய கொக்கி வெறுமையாகவே நின்றது. புதியவர் ஒருவர் அதில் தம் சட்டையை மாட்டப்போக, கோமதிநாயகம் சீறினார்: "ஏய், எடும்வே! அது ஆளுள்ள எடம்."

போகிக்கு முந்தைய நாள் மருத்துவர் வந்தார். ரோசியின் தோளை விரலால் நீவிப் பார்த்தார். உதிர்ந்த வட்டங்களில் புதுமயிர், தினைக்கதிரின் பொன்போல, நெருங்கி முளைத்திருந்தது. சுரண்டி எடுத்துச் சென்ற முந்தைய சோதனையிலும் கிருமி இல்லையென வந்துவிட்டது. "கயிற்றை அவிழ்க்கலாம்" என்றார். கோமதிநாயகத்திற்கு முடிச்சு அவிழவில்லை. "கயிறு நனைஞ்சு இறுகிட்டு தாயி" என்றார். மழை பெய்து பல நாள் ஆகியிருந்தது. கிளியம்மாள் மறுமுனையை அவிழ்த்தார்.

ரோசி தன் பழைய கொட்டடிக்குள் நுழைந்து நெடுநேரம் மோந்தாள். கிளியம்மாள் வேப்பங்கிளையிலிருந்து போர்வையை எடுத்தார், காற்றின் திசை பார்த்து உதறினார், உட்புறம் தடவினார், அறைக்குள் சென்று வெறுங்கொக்கியில் மாட்டினார். வாயில்வரை வந்தவர் திரும்பிப் போய், மடிப்பினுள் ஒளிந்திருந்த நீலமூலையை வெளியே இழுத்துவிட்டார்.

அவர் மனையில் விளக்கு குன்றாது ஒளிர்க! அடுப்பு ஆறாது எரிக! பனியும் பிணியும் அவ்வாயிற்படி ஏறாதொழிக! அவர் கையால் உண்போர் அனைவரும் நீடு வாழ்க!