வலி போன கை

டயகம பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கை பிசகினாலும் கால் பிசகினாலும் முதலில் தேடுவது சோலைமலையைத்தான். அவனைப்போலத் தாய் வயிற்றிலிருந்து கால் முன்னால் வரப் பிறந்தவன் சுளுக்கு எடுத்தால் சொன்னபடி கேட்கும் என்று அங்கே எல்லாருக்கும் நம்பிக்கை. யாராவது கேலி செய்தால், "தலை முன்னாடி வந்தவன் மட்டும் என்னத்தக் கிழிச்சான்?" என்று திருப்பிக் கேட்பான். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை முடிந்து லயத்து வீட்டுக்கு வந்தால் வாசலில் நாலு பேர் காத்திருப்பார்கள். காசு வாங்கமாட்டான். பேர் போதும் அவனுக்கு.

மூன்று மாதத்துக்கு முன்னால் அவன் மனைவி லெட்சுமி கொழுந்து மூட்டையோடு வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தாள். தோளில் உயிர் போகிற வலி. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் எலும்பில் ஒன்றுமில்லை என்றார்கள். எலும்பு முறியவில்லை என்றால் சுளுக்குத்தானே, வேறென்ன? சோலைமலை எண்ணெய் தடவி, முழங்காலை அவள் விலாவில் முட்டுக்கொடுத்து, கையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தான். மளுக்கென்று ஒரு சத்தம். லெட்சுமி கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்துவிட்டு, "வலி போயிருச்சுங்க" என்றாள். மறுநாள் தொழிற்சாலை முழுக்க அதுதான் அவன் பேச்சு.

அதற்குப் பிறகு அவளுக்கு மகள் லோஜினிதான் தலை சீவிவிட்டாள். மலையில் கூடையை மாட்டிவிடவும் இன்னொருத்தி வேண்டியிருந்தது. "சுளுக்கு விட்ட கை, கொஞ்ச நாள் சோரத்தான் செய்யும்" என்றான் சோலைமலை. லோஜினி கேட்கவில்லை. ஸ்கேன் எடுத்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று, இருவரையும் நுவரெலியாவுக்கு அனுப்பிவைத்தாள்.

டொக்டர் சுதர்ஷினி லெட்சுமியின் இடது தோளைத்தான் முதலில் ஸ்கேன் திரையில் காட்டினார். "எக்ஸ்ரேல எலும்புதான் ஐயா நல்லாத் தெரியும். இதுல சதைய எலும்போட சேர்க்கிற நாரும் தெரியும். வெள்ளையா பட்டி மாதிரி ஓடுது பாருங்க." பிறகு வலது தோளுக்கு மாறினார். பட்டி இருக்கவேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு பள்ளம்தான் இருந்தது.

"முழுசா அறுந்திருக்கு. விழுந்தப்ப கொஞ்சம்தான் கிழிஞ்சிருக்கும்னு நெனைக்கிறேன். அப்புறம் யாராச்சும் கையப் புடிச்சு இழுத்தாங்களா?"

"இல்லங்க" என்றாள் லெட்சுமி அவசரமாக. "மறுபடியும் ஒருக்கா விழுந்தேன்."

அவள் மறுபடி விழவேயில்லை.

"நான்தாங்க இழுத்தேன்" என்றான் சோலைமலை. "ஆனா இழுத்ததும் வலி போயிருச்சுங்களே."

டொக்டர் திட்டியிருந்தாலும் பரவாயில்லை. அவர் பொறுமையாகச் சொன்னார். "பாதி கிழிஞ்ச நாருதான் அசைக்கிறப்பெல்லாம் வலிக்கும். முழுசா அறுந்துட்டா சில பேருக்கு வலி கொறைஞ்சிரும். வலிக்கிறதுக்கு அங்க நாரு இல்லையே, ஐயா."

கண்டி ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், நாள் கடத்தினால் தைக்கவும் முடியாமல் போகும், தைத்தாலும் கை பழையபடி வருமென்று சொல்வதற்கில்லை என்று டொக்டர் சொன்னதெல்லாம் சோலைமலைக்கு அரைகுறையாகத்தான் கேட்டது.

திரும்பி வரும் பஸ்ஸில் லிந்துலை தாண்டியதும் அவன் கேட்டான். "ஒனக்குத் தெரியுமா புள்ள?"

"அன்னைக்கே தெரியும். கை மேல எழும்பல."

"ஏன் சொல்லல?"

லெட்சுமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "ஊரே ஒங்ககிட்ட வந்து கைய நீட்டுது. பொண்டாட்டி கையையே கெடுத்துட்டீங்கன்னு நா எப்பிடிங்க சொல்றது?"

போன மாதம்தான் சோலைமலை பக்கத்து லயத்து வீரம்மாவின் வலது தோளை அதேபோல இழுத்துவிட்டிருந்தான். அதுவும் மளுக்கென்றது. மறுநாளே அவள் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து, "வலி போயிருச்சுண்ணே" என்றாள். பழத்தை இடது கையால்தான் நீட்டினாள். அதற்காக அவன் அவளைக் கடிந்துகூடக் கொண்டான்.