மீன்படி கட்டிய அந்தோனிமுத்து பாஸ்

திங்கட்கிழமை காலை, தபால்பையைத் தோளிலிருந்து இறக்காமலே தபால்காரர் சொன்னார்: "பாஸ் விடியக்காலையில போயிட்டாருங்க. கண்டி ஆஸ்பத்திரியில."

எந்த பாஸ் என்று நான் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் கொத்து வேலை செய்கிறவர்கள் எல்லாருமே பாஸ்தான். ஆனால் வத்தேகமைக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில், பெயர் சொல்லாமல் பாஸ் என்றால் அது அந்தோனிமுத்து அவர்கள் ஒருவரே. தோட்டத்து ஆபீசில் கிளாக்கராக இருக்கும் எனக்கு அவரைப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகத் தெரியும். முன்கோபக்காரர். மணலில் மண் கலந்திருந்தால் வண்டிக்காரரின் ஏழு தலைமுறையையும் இழுப்பார். புகழ்ந்தால் அதைவிடக் கோபம் வரும். இப்போது புகழ்ந்து எழுதினால் திட்ட அவர் இல்லை என்பதுதான் துக்கம்.

ஜெர்மனியோடு நடந்த பெரிய யுத்தம் முடிந்து சில ஆண்டுகள் கழித்து, தேயிலைத் தொழிற்சாலையின் டர்பைனுக்காக எங்கள் ஆற்றின் குறுக்கே அணை கட்டியவர் அவர். அடுத்த ஐப்பசி மழையில் முட்டையிட மேலே ஏறும் கெண்டை மீன்கள் அணையின் காலடியில் முட்டிக்கொண்டு நின்றன. அணைக்கு மேலே தொழிலாளர் குடியிருக்கும் மேல் லயத்துக்கு ஒரு மீன்கூடப் போகவில்லை. அந்த லயத்தில் பாதிப்பேர் வேதக்காரர், வெள்ளிக்கிழமை இறைச்சி தொடாமல் மீன் சமைக்கிறவர்கள். செபமாலை என்கிற கொழுந்துக்காரி ஒருநாள் எல்லார் முன்னிலையிலும் கேட்டார்: "சுவரு நல்லாத்தான் கட்டியிருக்கீங்க பாஸ். எங்க வெள்ளிக்கிழமைக் கறியையும் சேத்துக் கட்டிட்டீங்களே."

 பாஸ் நேராகத் தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரையிடம் போனார். துரை தூண்டில் போடுவதில் பிரியமுள்ளவர். தம் ஊரில் மீன்கள் அணையைத் தாண்ட அமைத்திருக்கும் படிகளின் படம் ஒன்றைக் காட்டி, அதுபோலக் கட்டிப் பார்க்கச் சொன்னார். நிபந்தனையும் போட்டார். படியில் ஓடும் தண்ணீர் டர்பைனுக்கு நஷ்டம். ஆகவே அடுத்த ஆண்டு மழை முடிவதற்குள் அணைக்கு மேலே மீனைத் தம் கண்ணால் காண வேண்டும், இல்லையேல் அடைத்துவிட வேண்டும்.

படத்தில் இருந்தபடியே உயரமான படிகள் எழுந்தன. அந்த ஊர் மீன் தாவும். நம் கெண்டை தாவாது. முதல் படியின் கீழே அவை குவிந்து கிடக்க, கூடை வைத்திருந்தவர்கள் எல்லாரும் அள்ளினோம். ஆம், நானும் அள்ளினேன். குழம்பு ருசியாகத்தான் இருந்தது. இன்று அதை எழுத வெட்கமாக இருக்கிறது.

பாஸ் மட்டும் பூசை முடிந்த ஞாயிற்றுக்கிழமைகளில் முழங்கால் தண்ணீரில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு துரையிடம் சொன்னார்: "படத்துல தப்பில்லீங்க தொர. அத நம்ம ஆத்துல வச்சேனே, அது என் தப்பு. ஒடைக்க உத்தரவு குடுங்க."

தாம் கட்டியதைத் தாமே உடைத்தார். இந்த முறை படிகள் தாழ்வானவை, எண்ணிக்கையில் அதிகம். ஒவ்வொரு படியும் ஒரு சிறு தொட்டி. தடுப்புச் சுவரில் ஒன்றில் இடப்பக்கமும் அடுத்ததில் வலப்பக்கமுமாக இடைவெளி விட்டார். தண்ணீர் வளைந்து இறங்கும்போது ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு மூலை அமைதியாக இருக்கும். "நாமளே மலையேறுனா நடுவுல மூச்சு வாங்குறோம். அதுக்கு மட்டும் வேணாமா?" என்றார். படி தொடங்கும் கீழ்வாயையும் அணையின் காலடிக்கே கொண்டுவந்தார். தண்ணீர் வேகமாக விழும் இடத்தைத்தான் மீன் தேடி வருகிறது என்பதை நின்று பார்த்துத் தெரிந்துகொண்டிருந்தார்.

துரை மூன்று முறை வந்து, படி முடியும் மேல்வாயில் பூட்ஸோடு நின்றார். ஒன்றும் தென்படவில்லை. கடைசியாக அவர் வரவிருந்த நாள், நான் கீழே பிடித்த இரண்டு கெண்டைகளை வாளியில் கொண்டுபோனேன். மேலே விட்டுவிட்டால் காரியம் முடிந்தது என்று நினைத்தேன். பாஸ் வாளியை வாங்கி, அணைக்குக் கீழேயே கவிழ்த்துவிட்டார். "தொரைய ஏமாத்திரலாம் கிளாக்கரய்யா. அடுத்த வருசம் வர்ற மீன என்ன செய்வீங்க?"

அன்றும் மீன் தெரியவில்லை. அடைக்க உத்தரவாயிற்று. வேறு ஆளை விடாமல் மறுநாள் அவரே சுண்ணாம்பும் கரண்டியுமாக வந்தார். மேல்வாயில் பலகையை இறக்கினார். படிகளில் தண்ணீர் வடிந்தது. கலங்கல் தெளிந்தபோது தொட்டிக்குத் தொட்டி மீன் கிடந்தது. மேல் தொட்டியிலேயே மூன்று, வயிறு நிறைய முட்டையோடு.

அவர் மகிழவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"மறுபடி வாளியில கொண்டாந்து விட்டீங்களா?"

"மாதா மேல ஆணை, இல்ல பாஸ்."

 ஆம் என்றிருந்தால் அந்த மனிதர் அடைத்தே இருப்பார். என்னை நம்பினார். ஆளனுப்பித் துரையை வரவழைத்தார். துரை குனிந்து பார்த்தார். "தொறந்து விடு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அதன் பிறகு ஒவ்வொரு மழைக்கும் முன்னால் மேல்வாயில் சேரும் சருகுகளை பாஸ் அவர்களே அள்ளிவந்தார். இந்த ஆண்டு காய்ச்சலில் விழுந்துவிட்டார். போன வாரம் ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக் கேட்டார்: "மேல்வாய் சுத்தமா இருக்கா? ஏறுதா?"

நான் போய்ப் பார்த்திருக்கவில்லை. ஆபீஸ் வேலை என்று சாக்குச் சொல்லலாம், உண்மையில் சோம்பல்தான். "ஏறுது பாஸ்" என்றேன். அவர் என் கையை விட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். இல்லை என்று சொல்லியிருந்தால் அந்தப் படுக்கையிலிருந்தே யாரையாவது அனுப்பியிருப்பார்.

நேற்று வத்தேகமையில் அடக்கம் முடிந்ததும் வீட்டுக்குப் போக மனம் வராமல் அணைக்குப் போனேன். மேல்வாய் சருகாலும் ஒடிந்த கிளையாலும் அடைபட்டுக் கிடந்தது. அதை ஒட்டிய கடைசித் தொட்டியில் கெண்டைகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. துக்கத்துக்குக் கட்டிய வெள்ளை வேட்டியோடு இறங்கிக் கையால் அள்ளினேன். நகம் கிழிந்தது, அழுகையும் வந்தது. அடைப்பு நீங்கித் தண்ணீர் பாய்ந்ததும் கரையில் தள்ளி உட்கார்ந்து காத்திருந்தேன். வெளிச்சம் குறையும் நேரத்தில் ஒன்று இடைவெளியில் வாலை அடித்து மேலே போயிற்று. பின்னாலேயே இன்னொன்று.

பாஸ், நான் உங்களிடம் சொன்னது நேற்று மாலைதான் உண்மையாயிற்று. பொறுத்துக்கொண்டு, நிம்மதியாகப் போய் வாருங்கள்.