அண்ணையின் வீட்டிலிருந்த மற்றவர்

சுன்னாகத்துக்கு அருகிலிருந்த எங்கள் லுத்தரன் சபை மிகச் சிறியது. ஆராதனையில் ஆர்மோனியம் வாசித்தவர் என் அண்ணை. கணித ஆசிரியர், நாற்பதை நெருங்கியும் கலியாணம் கட்டாதவர். தொண்ணூறில் போரால் கீரிமலைப் பக்கத்துச் சனம் இடம்பெயர்ந்தபோது, தன்னோடு படிப்பித்த நண்பர் ஒருவரை வீட்டில் சேர்த்துக்கொண்டார். அவர் சைவர். முதல் வருடம் எல்லோரும் அதை இரக்கம் என்றார்கள். அடுத்த வருடம், கொடிகாமத்தில் சொந்தத் தமக்கை இருக்கும்போது அவர் ஏன் இங்கே கிடக்கிறார் என்று கேட்கத் தொடங்கினார்கள்.

நானும் கேட்டேன், மனதுக்குள். அண்ணை வீட்டுக்குப் போகும்போதெல்லாம் படுக்கைக்கு மேல் கட்டிய நுளம்புவலை ஒன்றா இரண்டா என்று அறைக்குள் எட்டிப் பார்ப்பேன். ஒருமுறை இரண்டு தொங்கின. நான் வருவது தெரிந்து கட்டினார்களோ என்று தோன்றியது.

ஒரு மத்தியானம் முட்டை கொண்டு சொல்லாமல் போனேன். குசினிக்குள் இருவரும் சண்டை.

“உப்பை அள்ளிக் கொட்டாதையும் எண்டு எத்தினை தரம் சொல்லுறது?” இது அண்ணை.

“அப்ப நீரே சமையும்.”

நானும் என் கணவரும் அப்படித்தான் சண்டை பிடிப்போம். வாசலிலேயே நின்றுவிட்டேன். என்னைக் கண்டதும் நண்பர் முட்டையை வாங்கி, “இருங்கோ தங்கச்சி, தேத்தண்ணி போடுறன்” என்றார், வீட்டுக்காரரைப் போல.

நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஆனாலும் அண்ணைக்குத் திருவிருந்து அப்பம் கொடுக்கக்கூடாது என்று சபைக் கூட்டத்தில் சபை மூப்பர் ஒருவர் எழும்பினாராம். கூட்டத்துக்குப் போன என் கணவர் வந்து சொன்னார். போதகர் மறுத்துவிட்டாராம்.

“அது பாவம் எண்டுதான் எங்கடை சபை படிப்பிக்குது, நானும் அப்பிடித்தான் நம்புறன். ஆனா நீங்கள் ஒருத்தரும் ஒண்டையும் காணேல்லை. காணாததைச் சொல்லுறதும் பொய்ச்சாட்சி சொல்லாதே எண்ட கட்டளையை மீறுறதுதான்” என்றாராம்.

“வெளிநாட்டிலை எங்கடை சபையள் சிலது இப்ப வேறை மாதிரிக் கதைக்கினமாம்” என்று கணவர் குரலைத் தாழ்த்தினார். “போதகர் அங்கை படிச்ச மனுசன். ஏன் இந்தளவு காப்பாத்துறார்?”

அன்றிலிருந்து போதகரையும் சந்தேகப்பட்டார்கள். அடுத்த ஞாயிறு அண்ணை ஆர்மோனியத்தில் கை வைத்தார், சபையிலிருந்து பாட்டு எழும்பவில்லை. போதகரும் அவர் மனைவியும் மட்டும் பாடினார்கள். நான் புத்தகத்தைப் பிடித்தபடி வாயை அசைத்தேன். அண்ணை எல்லா அடிகளையும் வாசித்து முடித்தார்.

அந்த வாரம் போதகர் சைக்கிளில் அண்ணை வீட்டுக்கு வந்தார். நானும் அங்கிருந்தேன்.

“மாஸ்டர், நீங்கள் வராமல் விடக்கூடாது” என்றார். “ஆனா ஒண்டு கேக்கிறன். அவரைத் தமக்கை வீட்டை அனுப்பிப்போட்டு, நீங்கள் தனிய இருங்கோ.”

“ஐயா, தனிய இருந்தால் நான் ஆரோடை சாப்பிடுறது?”

போதகர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். அண்ணை பிறகு ஆராதனைக்கு வரவேயில்லை. ஆர்மோனியம் மூடியபடி கிடந்தது.

தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து வலிகாமமே எழும்பி நடந்தபோது, நாங்களும் அண்ணையும் நண்பரும் மழையில் நனைந்து கொடிகாமம் போய்ச் சேர்ந்தோம். பள்ளிக்கூடங்கள் இடம்பெயர்ந்த சனத்தால் நிரம்பியிருந்தன. நண்பரின் தமக்கை எங்களையும் தன் வீட்டுக்குள் எடுத்தார். நெற்றி நிறையத் திருநீறு பூசிய, அதிகம் கதைக்காத மனுசி. எனக்கும் கணவருக்கும் விறாந்தையைக் காட்டினார். பிறகு பக்கத்து அறைக்குள் ஒரு பெரிய பாயை விரித்துத் தலையணைகளைத் தட்டிப் போட்டார்.

“அவையள் ரெண்டு பேரும் இதுக்குள்ளை படுப்பினம்” என்றார்.

“உங்களுக்குக் கரைச்சல் இல்லையோ, அக்கா?” என்று கேட்டேன். அறிந்துதான் விரிக்கிறாரா என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“என்ன கரைச்சல்?” என்று என்னைத் திருப்பிப் பார்த்தார். அவர் ஈரத்துணிகளை அள்ளிக்கொண்டு குசினிப் பக்கம் போனார்.