நாவூறு பட்ட முகாமையாளர்

லண்டனில் எங்கள் அலுவலகத்தில் கேத்திலில் தண்ணீர் நிரப்பி வைத்தாலும் ‘பிரில்லியன்ற்’ என்பார்கள். வந்த புதிதில், தண்ணீர் பிடிப்பதில் எனக்கொரு தனித்திறமை இருப்பதாகவே நம்பினேன். யாழ்ப்பாணத்தில் என் முதல் முதலாளி ஒரேயொரு தடவைதான் என்னைப் பாராட்டினார். “பரவாயில்லை” என்றார். அதை அன்று வீடு முழுக்கச் சொல்லித் திரிந்தேன். எங்கள் பக்கத்தில் ஒருவரைச் சபையில் புகழ்வதென்றால் பிரியாவிடையாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் செத்தவீடு.

அப்படிப்பட்டவன் ஐம்பதை நெருங்கும் வயதில் பயிற்சி முகாமையாளராகியிருக்கிறேன், அதுவும் தற்காலிகமாக. ஊழியரைப் பாராட்டி வேலை வாங்கும் கலையைக் கற்பிப்பதே பிழைப்பு. போன மாதம் நிறுவனத்தின் யாழ்ப்பாணக் கிளைக்கு அனுப்பினார்கள். மேலதிகாரி ஹெலன் லண்டனிலிருந்து திரையில் பார்ப்பார். வகுப்புச் சரிவந்தால் பதவி நிரந்தரம். பிசகினால் இந்த வயதில் மறுபடி வேலை தேடவேண்டும்.

வாடிக்கையாளர் பிரிவில் கெட்டிக்காரி நிரோஜினி. எல்லோர் முன்னிலையிலும் அவளை எழுப்பி, பாடத்தில் உள்ளபடி மூன்று வசனம் புகழ்ந்தேன். அறை செத்தவீடாயிற்று. தேநீர் இடைவேளையில் முகம் வெளிறி வந்தாள்.

“சேர், என்னை வேலையாலை நிப்பாட்டப் போறியளோ?”

“இல்லைப் பிள்ளை, நல்லாச் செய்யிறீர் எண்டுதானே சொன்னனான்.”

“நல்லாத்தானே போய்க்கொண்டிருந்தது சேர். பிறகேன் சொன்னனீங்கள்?”

இடைவேளை முடிந்ததும் என் பழைய முதலாளியின் முகத்தை வரவழைத்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்தபடி சொன்னேன்: “நிரோஜினியின்ரை வேலை பரவாயில்லை. மற்ற ஆக்களும் அவ்வளவு மோசமில்லை.” அவளுக்கு உயிர் வந்தது. அறை முழுக்கச் சிரிப்பு. தமிழ் தெரியாத ஹெலன் முகங்களைத்தான் பார்த்தார். இப்படி மனந்திறந்து பாராட்டும் ஒருவரைத் தான் கண்டதேயில்லை என்று அறிவித்து, பதவியை நிரந்தரமாக்கினார். ‘பிரில்லியன்ற்’ என்றார். என்றைக்கு என்னை நிப்பாட்டப்போகிறாரோ என்று நாட்காட்டியைப் பார்த்தேன்.

பின்னேரம் நீர்வேலியில் அக்காவிடம் விசயத்தைச் சொன்னேன்.

“வெள்ளைக்காரி அவ்வளவு புகழ்ந்தவவோ? அந்த வாயாலை நாவூறெல்லோ படும். உதிலை இரடா.”

உப்பும் செத்தல் மிளகாயுமாக அவள் என் தலையைச் சுற்றத் தொடங்கிய நேரம் பார்த்து, ஹெலன் வீடியோ அழைப்பில் வந்தார். இன்னுமொருமுறை வாழ்த்தவேண்டுமாம்.

“அங்கே என்ன, கொண்டாட்டமா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“ஓம்” என்றேன் தமிழில்.

“ஆடாதை” என்றாள் அக்கா. ஆடினால் நாவூறு கழியாது. ஆடாவிட்டால் இணைப்பு உறைந்துவிட்டதென்று ஹெலன் துண்டித்துவிடுவார். கழுத்தை அக்காவுக்குக் கொடுத்துவிட்டு, கண்ணால் மட்டும் லண்டனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.