கடைசி அத்தியாயத்தைத் தைத்து வைத்த அக்கா

இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பாதிப் பேர் எங்கள் அக்காவிடம் துப்பறியும் நாவல் வாங்கிப் படித்தவர்கள். மீதிப் பேர் வாங்கிக்கொண்டு போய்ப் படிக்காமல் வைத்திருப்பவர்கள். அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. நினைவு மலருக்கு எழுதச் சொல்லி அவர் மகள் என்னிடம் வந்தபோது, "மாமா, அம்மா பொறந்தது வளர்ந்ததெல்லாம் எழுதுங்க. யாரையும் அழ மட்டும் வச்சுறாதீங்க" என்றாள். முதலாவதை எழுதிவிடுவேன். இரண்டாவதற்கு என்னால் பொறுப்பேற்க முடியாது.

அக்கா பிறந்தது சோழவந்தானை ஒட்டிய ஒரு சிற்றூரில். நெல்லும் வாழையும் போட்ட குடும்பம். ஆறு ஆண்டுகள் கழித்து நான் பிறந்தேன். எங்கள் வீட்டில் பிள்ளைகள் நாங்கள் இருவர்தான். அம்மா நோயில் படுத்துவிட்டதால் அக்கா பத்தாம் வகுப்போடு நின்றார். நின்றார் என்று எழுதுகிறேன். நிறுத்தினோம் என்பதுதான் சரி. நான் தொடர்ந்து படித்தேன், இயற்பியல் ஆசிரியரானேன். அதை அக்கா ஒரே ஒரு முறை தவிர என்னிடம் சொல்லிக்காட்டியதில்லை. அந்த ஒரு முறையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தையல் கற்றுக்கொள்ளப் புத்தகம் ஒன்று வேண்டும் என்று அக்கா அப்பாவிடம் கேட்டிருந்தார். அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மதுரைக்கு வாழைத்தார் ஏற்றிக்கொண்டு போனவர், பஸ் ஸ்டாண்ட் கடையில் அட்டைப் படத்தைப் பார்த்து ஒரு புத்தகத்தை வாங்கி வந்தார். அட்டையில் ஒரு பெண் கத்தரிக்கோலோடு நின்றாள். கத்தரிக்கோலின் நுனியில் தொங்கிய சிவப்பை அப்பா நூல் என்று நினைத்துவிட்டார். அது ரத்தம். அக்கா படித்த முதல் கொலைக் கதை அதுதான். ஒரே மூச்சில் முடித்துவிட்டு, "அப்பா, இதே மாதிரி தையல் புஸ்தகம் இன்னொன்னு வாங்கிட்டு வாங்க" என்றாராம். நிஜத் தையலையும் பிறகு பக்கத்து ஊரில் போய்க் கற்றுக்கொண்டார்.

திருமணமாகி விளாங்குடிக்கு வந்தார். மச்சான் திண்டுக்கல் சாலையில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தார். அதிகம் பேசாத நல்ல மனிதர். மல்லிகைப்பூ வாங்க மறந்தாலும் மாத நாவல் வாங்க மறக்க மாட்டார். மகள் ஆறாம் வகுப்பில் இருந்தபோது மாரடைப்பில் அவர் காலமானார். அக்காவை எங்கள் வீட்டுக்கே வந்துவிடச் சொன்னேன். "நான் வந்தா உனக்கு நிம்மதி. எனக்கு இல்லடா" என்று சொல்லிவிட்டு, கே.கே. நகரில் ஒரு கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் வேலையில் சேர்ந்தார். இருபது ஆண்டுகளுக்கு மேல் அதே நாற்காலியில் உட்கார்ந்து மகளைப் படிக்க வைத்து, நல்ல இடத்தில் கட்டிக் கொடுத்தார்.

உங்களில் பலருக்கு அக்கா அறிமுகமானது அந்த நாற்காலியில்தான். டாக்டருக்காகக் காத்திருப்பவர்களின் முகத்தைப் பார்த்து, மேசைக்கு அடியிலிருந்து அவரே ஒரு புத்தகத்தை எடுத்து நீட்டுவார். சலித்துப் போய் உட்கார்ந்திருந்தால் துப்பறியும் கதை. பயந்துபோய் வந்திருந்தால் பேய்க் கதை. ஏன் என்று கேட்டால், "பேய்க்குப் பயந்துக்கிட்டிருந்தா ஸ்கேனுக்குப் பயப்பட நேரமிருக்காதுல்ல" என்பார். பாதியில் டோக்கன் வந்துவிட்டால் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். அடுத்த முறை வரும்போது கொண்டு வந்தால் போதும்.

ஆனால் பத்துப் பக்கம் படித்ததும் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கும் ஆட்களை அக்காவுக்குப் பொறுக்காது. அதனால் எல்லா நாவல்களிலும் கடைசி அத்தியாயத்தை ஒன்றாகச் சேர்த்து, ஓரத்தில் நூலால் தைத்துவிட்டார். படித்துவிட்டு வருபவர் அக்காவிடம் கொலைகாரன் யார் என்று சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னாலும் தப்பாகச் சொன்னாலும் நூலை வெட்டுவார். சொல்லாதவருக்கு வெட்ட மாட்டார். டாக்டரே ஒருமுறை கெஞ்சிப் பார்த்தும் நடக்கவில்லை. ஒருவர் முடித்ததும் மறுபடி தைத்து அடுத்தவருக்குக் கொடுப்பார். பல புத்தகங்களின் ஓரம் சல்லடையாகிக் கிடக்கிறது.

தனக்கும் அதே சட்டம்தான். புது நாவல் வந்தால் மகளைத் தைக்கச் சொல்லிவிட்டுத்தான் தொடுவார். இத்தனை படித்தும் ஊகிப்பதில் அக்காவுக்குச் சாமர்த்தியம் கிடையாது. பெரும்பாலும் தப்பாகத்தான் சொல்வார். அதில் அவருக்கு வருத்தமே இல்லை. உண்மை தெரிந்ததும் புத்தகத்தை மடியில் போட்டுக்கொண்டு, "என்னைய எப்படி ஏமாத்திப்புட்டான் பாரு" என்று தெருவுக்கே கேட்கும்படி சிரிப்பார். கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரிப்பார். அப்படி ஏமாறுவதற்காகத்தான் அவர் படித்தார் என்று இப்போது நினைக்கிறேன்.

நான் இதையெல்லாம் மதித்தவனில்லை. வகுப்பில் பையன்களிடம் மாத நாவல் பிடிபட்டால் குப்பை என்று சொல்லிப் பிடுங்கிவைத்தவன். அக்கா வீட்டுக்குப் போனால் நாற்காலியில் கிடக்கும் புத்தகத்தை இரண்டு விரலால் தள்ளிவிட்டு உட்காருவேன். ஒருமுறை என் மனைவிக்கு அவர் ஆசையாகக் கொடுத்தனுப்பிய நாவலைத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்து, "வேற நல்லதா எதுவும் படிக்கக் கூடாதாக்கா?" என்றேன். "பத்தாவதோட நின்னவளுக்கு இம்புட்டுப் போதும்டா" என்றார். அவர் சொல்லிக்காட்டிய ஒரே முறை அதுதான். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கோச்சடையில் இருக்கும் என் வீட்டுக்குத் திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு முகம் சுட்டது. ஆனாலும் மன்னிப்புக் கேட்கவில்லை.

சர்க்கரை நோய் முதலில் கண்ணைப் பிடித்தது, பிறகு சிறுநீரகத்தை. வேலையை விட்டார். வாரத்தில் புதனும் சனியும் டயாலிசிஸ். கூட இருந்த மகள் அலுவலகம் போக வேண்டியவள். நான் ஓய்வு பெற்றுச் சும்மா இருந்ததால் ஆட்டோவில் அழைத்துப் போகும் வேலை எனக்கு வந்தது. முதல் நாள் ஊசி குத்தி மெஷினை ஓட விட்டதும் அக்கா மெல்லக் கேட்டார்.

"தம்பி, பையில ஒரு புஸ்தகம் இருக்கு. எனக்கு எழுத்து கலங்குது. நீ கொஞ்சம் வாசிக்கிறியா?"

வேறு வழியில்லாமல் வாசித்தேன். ஒரு பக்கம் முடிவதற்குள் நிறுத்தினார். "என்னடா, கேள்வித்தாள் வாசிக்கிற மாதிரி வாசிக்கிற. ஒரு ஆளு செத்துக் கெடக்கான். கொஞ்சம் பதறுடா."

பதறக் கற்றுக்கொண்டேன். மூன்றாவது வாரம் பக்கத்துப் படுக்கையில் இருந்த மேலூர் லாரி டிரைவர், "சார், சத்தமா வாசிங்க. மிஷின் சத்தத்துல பாதிக் கொலை கேக்க மாட்டேங்குது" என்றார். எதிர்ப் படுக்கையில் ஒரு கல்லூரிப் பெண். அவளும் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டாள். ஒவ்வொரு நாவலையும் தையல் வரை வாசித்து, ஆளுக்கொரு பெயரைச் சொல்லிவிட்டு, கடைசி அத்தியாயத்தை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்வது என்று அக்கா சட்டம் போட்டார். லாரி டிரைவர் ஒரு சனிக்கிழமை வந்து, "இனிமே ஊசி வேணாம், செத்தாச் சாகுறேன்னு வீட்ல சொல்லிட்டேன்க்கா. ஆனா அந்த பேங்க் மேனேஜரக் கொன்னது யாருன்னு தெரியாமப் போகக் கூடாதுல்ல, அதான் வந்தேன்" என்றார். அன்றைக்கே அக்கா அடுத்த நாவலைத் தொடங்கச் சொன்னார். அவர் அடுத்த புதனும் வந்தார், அதற்கடுத்தும் வந்தார்.

ஒன்றரை ஆண்டு இப்படிப் போயிற்று. எனக்கும் அக்காவுக்கும் இடையே அதுவரை இல்லாத நெருக்கம் அப்போதுதான் வந்தது. அதற்காக அந்த நோய்க்கு நன்றி சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கடைசியாக வாசித்தது மலைப் பங்களாவில் ஒரு பணக்காரர் விஷத்தில் சாகும் கதை. ஒரு புதன்கிழமை தையல் வரை வந்துவிட்டோம். டிரைவரும் அந்தப் பெண்ணும் செத்தவரின் மகனைச் சொன்னார்கள். அக்கா, "சித்தப்பாதான். மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே" என்றார். புத்தகத்தில் எங்கே மூஞ்சியைப் பார்த்தார் என்று தெரியவில்லை.

திரும்பி வரும்போது ஆட்டோவில் என் தோளில் சாய்ந்துகொண்டு, "தம்பி, இன்னைக்கே பிரிச்சுருவோமா?" என்றார். அவர் அப்படிக் கேட்டதே இல்லை.

"நீதானக்கா சட்டம் போட்ட. சனிக்கிழமை பாப்போம்" என்றேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் போன் செய்தார். குரல் சோர்ந்திருந்தது. "ரொம்ப அசதியா இருக்குடா. யாருன்னு மட்டும் பாத்துச் சொல்லிரு. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்." புத்தகம் என் பையில்தான் இருந்தது. நூலை இழுத்தால் போதும். நான் பார்க்கவில்லை. "சனிக்கிழமை நான் வாரேன்ல, வாசிக்கிறேன். அதுவரைக்கும் ஒழுங்காச் சாப்பிடு" என்றேன். "சரிடா" என்றார்.

சட்டத்துக்காக நான் மறுக்கவில்லை. தெரிந்துகொள்ள ஏதோ ஒன்று பாக்கி இருந்தால் அவர் சனிக்கிழமை வரை இருப்பார் என்று நம்பினேன். டிரைவர் அப்படித்தானே வந்துகொண்டிருந்தார். முப்பத்தைந்து வருடம் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன் நம்பியது இதைத்தான். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, மகள் கொடுத்த இட்லியில் ஒன்றைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்த அக்கா எழுந்திருக்கவில்லை.

காரியம் முடிந்த பிறகு ஒரு புதன்கிழமை, புத்தகத்தை எடுத்துக்கொண்டு டயாலிசிஸ் வார்டுக்குப் போனேன். அக்காவின் படுக்கையில் வேறு யாரோ இருந்தார்கள். யாரும் என்னை வாசிக்கச் சொல்லவில்லை. நானே டிரைவரின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு, நூலை வெட்டி, வாசித்து முடித்தேன். சித்தப்பா இல்லை. எங்களில் ஒருவரும் சரியாகச் சொல்லியிருக்கவில்லை. டிரைவர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு, "அக்கா இருந்தா எம்புட்டுச் சிரிச்சிருக்கும்" என்றார். அந்தச் சிரிப்பைத்தான் நான் அவருக்குக் கிடைக்காமல் செய்துவிட்டேன். இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் மறுத்தேன். வந்து ஆறுதல் சொன்ன எல்லோரும் நான் அக்காவை நன்றாகப் பார்த்துக்கொண்டதாகச் சொன்னீர்கள். இதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அக்காவை நோயாளியாக நினைக்காமல் கதை கேட்டு வந்த செவிலியர்களுக்கும், நேரம் தவறாமல் வந்த விளாங்குடி ஆட்டோ ஓட்டுநருக்கும், துக்கத்தின்போது பதினாறு நாளும் எங்கள் வீட்டு அடுப்பைப் பற்றவிடாமல் சமைத்துக் கொடுத்த தெருக்காரர்களுக்கும், கிளினிக் டாக்டருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்காவின் புத்தகங்கள் உங்களிடம் இருந்தால் திருப்பித் தர வேண்டாம். படித்துவிட்டு, தைத்து, அடுத்தவருக்குக் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. இதற்குக் கீழே நான் அக்காவின் சட்டத்தை மீறப்போகிறேன். அந்த மலைப் பங்களா நாவலைப் படிக்க நினைத்திருப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளவும்.

அக்கா, சித்தப்பா இல்லக்கா. அந்தச் சமையல்காரம்மாதான். நீ நல்லா ஏமாந்துட்ட.